விமான நிலையத்தில் கார் நிறுத்த ஏன் இவ்வளவு கட்டணம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர விமான நிலையம் போனவர்கள், வெளியே வரும் வாயிலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நின்னது முக்கால் மணி நேரம், இதுக்கு இவ்வளவா?" அந்தக் கேள்விக்கும் அதிலிருந்து கிளைக்கும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன். இந்திய விமான நிலையங்களை, குறிப்பாகச் சென்னையை மனதில் வைத்து எழுதியது இது. ஆனால் பார்க்கிங் வருமானம் பற்றிய கணக்கும் விவாதமும் வெளிப்படையாகக் கிடைப்பது ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும்தான். அதனால் அங்கேயும் போய்வர வேண்டியிருக்கும்.

ஒரு காரை நிறுத்திவைக்க உண்மையிலேயே அவ்வளவு செலவாகுமா?

அவ்வளவு ஆகாது. ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகம் ஆகும்.

கோடு போட்ட கட்டம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று வைத்தால் 12.5 சதுர மீட்டர். கார் அந்தக் கட்டத்துக்குப் போய்ச் சேர வழி வேண்டும், திரும்ப இடம் வேண்டும், மாடி ஏறச் சாய்தளம் வேண்டும், தூண், லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் வேண்டும். தில்லி மாஸ்டர் பிளான் இதையெல்லாம் சேர்த்து ஒரு காருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டர், தரைத்தளத்தில் கூரையோடு என்றால் 28, அடித்தளத்தில் என்றால் 32 என்று கணக்கு வைக்கிறது. நகரத்தில் ஒரு சின்னக் குடும்பம் குடியிருக்கும் ஒற்றை அறை வீடு இந்த அளவுதான் இருக்கும்.

அதற்குமேல் விளக்கு, கேமரா, தீயணைப்பு ஏற்பாடு, காவலர், வாயிலில் ஆள். ஆனாலும் இதில் பெரும்பகுதி ஒருமுறை கட்டி முடிக்கும் செலவு. கட்டிய பிறகு இன்னொரு கார் உள்ளே வருவதால் கூடும் செலவு ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையம் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், பெர்த் ஆகிய நான்கு விமான நிலையங்களின் பார்க்கிங் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளின் அறிக்கைகளைப் பார்த்தால், பார்க்கிங் வருமானத்தில் பாதிக்கு மேல் செயல்பாட்டு லாபமாகவே நின்றிருக்கிறது. அதாவது விலையில் ஒரு பகுதியைத்தான் செலவு விளக்குகிறது.

அப்படியானால் மீதி எதற்கு?

இடத்துக்கு. டெர்மினல் வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள நிலம் கொஞ்சம்தான். அதை யாரும் உற்பத்தி செய்ய முடியாது. பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-லேயே விவசாய நிலத்தை வைத்து இதைச் சொல்லிவிட்டார்: குத்தகை கொடுப்பதால் தானியத்தின் விலை ஏறுவதில்லை, தானியத்தின் விலை ஏறியிருப்பதால்தான் குத்தகை கொடுக்கப்படுகிறது. பார்க்கிங்கும் அப்படியே. பயணிகளுக்கு அந்த இடம் அவ்வளவு தேவைப்படுவதால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் அந்த நிலத்தின் மதிப்பு கூடுகிறது.

செலவுக்குச் சமமாகக் கட்டணத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதிகாலை விமானங்களுக்கு வருகிறவர்களின் கார்களே பக்கத்து இடங்களை நிரப்பிவிடும். அவை மூன்று நான்கு நாள் அங்கேயே நிற்கும். காலை பத்து மணி விமானத்துக்கு ஒன்பது மணிக்கு ஓடி வருகிறவர் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பார். கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தது இதைத்தான்: எப்போது வந்தாலும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்கு விலை இருக்க வேண்டும், அதற்குக் குறைவாக இருந்தால் மக்கள் பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுப்பார்கள். அவர் பேசியது நகரத் தெருக்களைப் பற்றி. விமான நிலையத்தில் இடம் கிடைக்காவிட்டால் விமானமே போய்விடும் என்பதால் அந்த வாதம் இங்கே இன்னும் கூடுதலாகவே பொருந்துகிறது.

சரி, ஆனால் இது ஏகபோகக் கொள்ளைதானே?

சில இடங்களில் ஆம், சில இடங்களில் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் விட்டால் தவறான இடத்தில் சண்டை போடுவோம்.

இடம் இயற்கையிலேயே குறைவு என்பதால் ஏறும் விலை ஒன்று. குறைவை வேண்டுமென்றே உண்டாக்கி, அல்லது மாற்று வழிகளை அடைத்து ஏற்றும் விலை இன்னொன்று. கட்டணப் பலகையைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. மேலே சொன்ன ஆணையம், அந்த லாபத்தில் ஏகபோகத்தின் பங்கு இருக்கிறது என்று சந்தேகப்பட்டது. அந்த நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2011-12 விசாரணையிலும் 2019 அறிக்கையிலும் வேறு விதமாகப் பார்த்தது: விலை அதிகம் என்பதே ஏகபோகத்துக்கு ஆதாரம் ஆகாது, அதில் பெரும்பகுதி இடத்தின் மதிப்பு, பயணிகளுக்கு டாக்சி, பேருந்து, வெளியே உள்ள பார்க்கிங் என்று மாற்றும் இருக்கிறது என்றது.

எனக்குப் படுவது, இரண்டாவது ஆணையம் சொன்ன கோட்பாடு சரி, முதல் ஆணையத்தின் கவலையும் சரி. ஏனென்றால் அந்த மாற்றுகள் எல்லாவற்றுக்கும் வாயிலைத் திறந்துவிடுவது யார்? அதே விமான நிலையம்தான். வெளியே நிலம் வாங்கி பார்க்கிங் நடத்துகிறவர், பயணிகளை வேனில் ஏற்றி டெர்மினலுக்குக் கொண்டுவர விமான நிலையச் சாலையில் நுழைந்தாக வேண்டும். அதற்கு நுழைவுக் கட்டணம். டாக்சிக்கும் கட்டணம். தன் போட்டியாளர்களின் செலவைத் தானே தீர்மானிக்கும் நிலையில் இருக்கிறது விமான நிலையம். டெர்மினலுக்கு வரும் சாலையில் சின்னக் கடை வைத்திருப்பவர், பக்கத்துக் கடைக்காரரின் வாடகையையும் தானே நிர்ணயித்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

ஆகவே நான் பார்க்கும் அடையாளங்கள் இவை: சாதாரண நாளில் மாடி மாடியாகக் காலியாக இருந்தும் விலை இறங்காமல் நிற்கிறதா? வெளிப் பார்க்கிங் வேன்களையும் பேருந்துகளையும் வாசலுக்கு வெகு தூரத்தில் நிறுத்தச் சொல்கிறார்களா? ஆப் டாக்சி நிற்கும் இடம் காரணமே இல்லாமல் தூரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா? பதில் ஆம் என்றால் அது இடத்தின் மதிப்பு இல்லை.

இறக்கிவிட்டுப் போவதற்குக்கூடக் காசு வாங்குகிறார்களே?

பிரிட்டனில் இது வழக்கமாகிவிட்டது. லண்டன் ஹீத்ரோவில் டெர்மினல் வாசலில் இறக்கிவிட 2021 நவம்பரில் 5 பவுண்டு கட்டணம் வந்தது, பிறகு ஏறியது. தடுப்புக் கட்டை எதுவும் இல்லை; கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், மறுநாள் நள்ளிரவுக்குள் ஆன்லைனில் கட்ட வேண்டும், மறந்தால் அபராதம். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. காசு கொடுக்க விரும்பாதவர்கள் தூரத்து நீண்டகாலப் பார்க்கிங்கில் இறக்கிவிட்டு, இலவசப் பேருந்தில் வாசலுக்கு வரலாம். இந்தக் கடைசி ஏற்பாடு முக்கியமானது.

இந்தியாவில் பெங்களூரு முயன்று பார்த்தது. 2024 மே மாதம், பயணிகளை ஏற்றும் பாதையில் ஏழு நிமிடத்துக்கு மேல் நிற்கும் தனியார் காருக்கு 150 ரூபாய், வாடகைக் கார்களுக்கு அதற்கும் மேலே என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள்.

வாசலில் இறக்கிவிடக் கட்டணம் வாங்குவது அடிப்படையில் தப்பு என்று நான் நினைக்கவில்லை. காரணம், சாலைக் கணக்கு. மகன் அப்பாவை வீட்டிலிருந்து கொண்டுபோய் விடுகிறார் என்றால், போக ஒரு ஓட்டம், வெறும் காராகத் திரும்ப ஒரு ஓட்டம். அப்பா திரும்பி வரும்போது இன்னும் இரண்டு. மொத்தம் நான்கு. அப்பாவே காரை ஓட்டிப் போய் நிறுத்திவிட்டுப் போனால் இரண்டு ஓட்டம்தான். மெட்ரோவில் போனால் ஒன்றும் இல்லை. பார்க்கிங் கட்டணத்தை மட்டும் ஏற்றி, இறக்கிவிடுவதை இலவசமாக விட்டால், இரண்டு ஓட்டக்காரர்களை நான்கு ஓட்டக்காரர்களாக மாற்றிவிடுகிறோம். சென்னை விமான நிலையத்துக்கு முன்னால் ஓடும் ஜி.எஸ்.டி. சாலை ஏற்கெனவே இருக்கும் நெரிசலில் அது யாருக்கும் நல்லதில்லை.

பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வெகு தூரத்தில், அப்போது மெட்ரோ இணைப்பே இல்லாத இடத்தில் இருந்தது. அங்கே மக்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஹீத்ரோவில் சுரங்க ரயில் வாசல்வரை வருகிறது. மாற்று வழி இல்லாத இடத்தில் விதிக்கும் கட்டணம் யாருடைய பழக்கத்தையும் மாற்றாது, வசூல் மட்டும்தான் ஆகும்.

அரை மணி நேரத்துக்கு அவ்வளவு, முழு நாளுக்குக் கொஞ்சம்தான் கூட. இது என்ன கணக்கு?

யாரால் வேறு வழி தேட முடியாதோ அவரிடம் அதிகம் வாங்கும் கணக்கு.

ஐந்து நாள் பயணம் போகிறவர் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். டாக்சிக்குப் போக 700, வர 700, மொத்தம் 1,400 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிங் நாளொன்றுக்கு 500 என்றால் இரண்டு நாள்வரை காரை விடுவது லாபம், மூன்றாவது நாளிலிருந்து டாக்சி லாபம். அவரைப் பிடிக்க வேண்டுமானால் நாள் கட்டணத்தை ஏற்ற முடியாது. அம்மாவை அழைத்துப்போக வந்தவருக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. வந்துவிட்டார், விமானம் தாமதம், காத்திருக்கத்தான் வேண்டும்.

இதைவிட என்னை உறுத்துவது படிக்கட்டு மாதிரி ஏறும் ஸ்லாப் முறை. அரை மணி வரை 80 ரூபாய், அதற்குமேல் இரண்டு மணி நேரம் வரை 150 என்று ஒரு கற்பனைப் பலகையை வைத்துக்கொள்வோம். முப்பத்தோராவது நிமிடத்தின் விலை 70 ரூபாய். இப்போது கிட்டப் போய்ப் பாருங்கள். 11.05-க்கு உள்ளே நுழைந்தீர்கள். 11.30-க்குப் பெட்டியோடு காருக்கு வந்துவிட்டீர்கள். சாய்தளத்தில் இறங்கி வாயிலுக்கு வந்தால் முன்னால் நான்கு கார். முதல் காரின் ஃபாஸ்டேகில் பணம் இல்லை, ஓட்டுநர் 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறார், சில்லறை இல்லை. உங்கள் முறை வரும்போது 11.37. தாமதம் வாயிலில் நடந்தது, காசு உங்கள் பையிலிருந்து போகிறது. வரிசை நீள நீள வசூல் கூடும் என்றால், இன்னொரு வாயிலைத் திறக்க நடத்துகிறவருக்கு என்ன அவசரம்?

இதற்குத் தீர்வு கடினமானதே இல்லை. காரை எடுக்கும் முன்பே கட்டணம் செலுத்தும் இயந்திரத்தில் கடிகாரம் நின்றுவிட வேண்டும், அதன்பிறகு வெளியேறப் பதினைந்து நிமிடம் தர வேண்டும். அல்லது ஸ்லாப்பையே விட்டுவிட்டு நிமிடக் கணக்கில் வாங்கலாம். ஃபாஸ்டேகும் கேமராவும் இருக்கும் காலத்தில் அது முடியாது என்று சொல்ல முடியாது.

முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்தால் குறைகிறதே, ஏன்?

விமான டிக்கெட் மாதிரியேதான். முன்னதாகத் திட்டமிடுகிறவர் பெரும்பாலும் சொந்தக் காசில் போகிறவர், விலை பார்ப்பார். கடைசி நேரத்தில் வாயிலில் வந்து நிற்பவர் அலுவலகக் கணக்கில் போகிறவராக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு விமான நிலையங்களில் வாயில் கட்டணத்துக்கும் முன்பதிவுக் கட்டணத்துக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கும். முன்பதிவு வசதி இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தாமல் போகாதீர்கள்.

நான் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது?

இந்தியாவில் இந்தக் கேள்வியைத்தான் நாம் அதிகமாகக் கேட்க வேண்டும்.

18 சதவீத ஜி.எஸ்.டி. வரி முதலில் கழியும். பார்க்கிங்கைப் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் நடத்துவார். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை விமான நிலையத்துக்குக் கொடுப்பார். தில்லி என்றால் விமான நிலையத்தை நடத்தும் நிறுவனம் தன் வருவாயில் 45.99 சதவீதத்தை இந்திய விமான நிலைய ஆணையத்துக்குக் கொடுக்க 2006-ல் ஒப்பந்தம் போட்டது. மும்பையில் அந்தப் பங்கு 38.7 சதவீதம். பிற்பாடு தனியாருக்குப் போன திருவனந்தபுரம் போன்ற இடங்களில் வருவாய்ப் பங்கு இல்லை, பயணிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். திருவனந்தபுரத்துக்குக் கேட்கப்பட்ட ஏலத்தொகை ஒரு பயணிக்கு 168 ரூபாய். இந்த இரண்டு முறையிலும் நடத்துகிறவரின் ஆசை வேறு வேறு. வருவாயில் பங்கு கொடுக்க வேண்டியிருந்தால் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் கிட்டத்தட்ட பாதி போய்விடும். பயணிக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால், அதற்குமேல் பார்க்கிங்கில் வரும் ரூபாய் முழுக்கத் தன்னிடமே நிற்கும்.

அடுத்தது ஒழுங்குமுறை. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் விமானம் தரையிறங்கும் கட்டணம், விமானத்தை நிறுத்திவைக்கும் கட்டணம் எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. விமானத்தின் பார்க்கிங் அதன் கட்டுப்பாட்டில் இருக்கிறது, காரின் பார்க்கிங் இல்லை. கார் பார்க்கிங், கடை வாடகை, விளம்பரம் எல்லாம் விமானம் சாராத வருமானம் என்று தனியாக நிற்கும்.

ஆனால் முழுக்கத் தனியாக இல்லை. விமான நிலையத்தின் செலவையும் அதற்குமேல் நியாயமான லாபத்தையும் கூட்டிக் கணக்கிட்டு, அதிலிருந்து விமானம் சாராத வருமானத்தின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் விமான நிறுவனங்களிடமும் பயணிகளிடமும் வாங்க அனுமதிக்கிறார்கள். உங்கள் டிக்கெட்டில் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறதே, அது இந்தக் கணக்கிலிருந்து வருவது. தொடக்கத்தில் ஆணையம் விமானம் சாராத வருமானம் முழுவதையும் கழிக்க வேண்டும் என்ற முறையைத்தான் தேர்ந்தெடுத்தது. 2016-ல் வந்த தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை அதை 30 சதவீதமாக்கியது. அதாவது பார்க்கிங்கில் வரும் 100 ரூபாயில் 30 ரூபாய் டிக்கெட் கட்டணத்தைக் குறைக்கப் போகிறது, 70 ரூபாய் நடத்துகிறவரிடம் நிற்கிறது. ஹீத்ரோவில் முழு வருமானமும் கணக்கில் வருகிறது.

புதிய விமான நிலையம் கட்ட முதலீடு வர வேண்டும், அதற்கு ஊக்கம் வேண்டும் என்று 30 சதவீதத்துக்குக் காரணம் சொன்னார்கள். புதிதாகக் கட்டும் இடத்துக்கு அது பொருந்தலாம். பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும், கூட்டம் நிறைந்த விமான நிலையத்தில், இடத்தின் மதிப்பால் வரும் பார்க்கிங் லாபத்துக்கு என்ன ஊக்கம் வேண்டும்? அந்த இடத்தின் மதிப்பை உண்டாக்கியது பொது நிலமும் பொதுச் சாலையும் பயணிகளின் கூட்டமும்தான். இந்த 30-ஐ உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரசே ஒரு உச்சவரம்பு வைத்துவிட்டால்?

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வாசல் பக்கத்து இடங்கள் நாள் முழுக்க நிரம்பிக் கிடக்கும், சொல்லி வைத்து இடம் பிடித்துக் கொடுக்கும் ஆட்கள் முளைப்பார்கள். விலையைக் கட்டிப்போடுவதைவிட மாற்று வழியைத் திறந்துவிடுவது நல்லது: பேருந்துக்கும் டாக்சிக்கும் வெளிப் பார்க்கிங் வேனுக்கும் செலவுக்கு மேல் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைக்கலாம். மாற்று வழி நன்றாக இருந்தால் பார்க்கிங் விலை தானாக ஒரு அளவுக்குள் வந்து நிற்கும்.

மெட்ரோ வந்த பிறகும் சென்னையில் பார்க்கிங் விலை குறையவில்லையே?

சென்னை இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர். 2016 செப்டம்பரிலிருந்து மெட்ரோ விமான நிலையத்துக்கே வருகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் மின்சார ரயில் நிலையம் வெகு காலமாகவே இருக்கிறது. 2022 டிசம்பரில் 2,000-க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கக்கூடிய பல அடுக்கு நிறுத்தமும் திறந்தார்கள். ஆனால் பன்னாட்டு விமானங்களில் நிறைய நள்ளிரவிலும் விடிகாலையிலும் வந்து போகின்றன; அந்த நேரத்தில் மெட்ரோ ஓடுவதில்லை. இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைக்குழந்தை என்று வருகிற குடும்பத்துக்கு மெட்ரோவிலிருந்து இறங்கிய பிறகு வீடு போய்ச் சேர இன்னொரு வண்டி வேண்டும். போட்டி பகலில் இருக்கிறது, ராத்திரியில் இல்லை. பல அடுக்கு நிறுத்தம் வந்தபோது ஆப் டாக்சி ஏறும் இடமும் அங்கே மாறியது. வயதானவர்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று புகார் எழுந்து, பேட்டரி வண்டிகள் விட வேண்டியதாயிற்று.

ஆப் டாக்சி வந்ததால் விமான நிலையங்களுக்கு நஷ்டமா?

அமெரிக்காவில் இது பெரிய பேச்சாக இருந்தது. அங்கே விமான நிலையங்களில் பெரும்பாலானவை நகராட்சி, மாவட்ட நிர்வாகம் போன்ற பொது அமைப்புகளின் கையில் இருக்கின்றன. விமானம் சாராத வருமானத்தில் பார்க்கிங்கும் வாடகைக் காரும்தான் முதல் இடம். ஊபர், லிஃப்ட் (Lyft) போன்ற ஆப் டாக்சி நிறுவனங்கள் வந்ததும் காரை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். விமான நிலையங்கள் ஆப் டாக்சியின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கட்டணம் போட்டுச் சமாளித்தன. அங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது: விமான நிலையத்தில் வரும் வருமானத்தை வேறு எதற்கும் திருப்பக் கூடாது, அதற்கே செலவிட வேண்டும்.

புகார் செய்வதானால் என்ன கேட்க வேண்டும்?

"கட்டணத்தைக் குறையுங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது, வந்தாலும் பயன் இருக்காது. நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் அச்சான சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். வாயில் வரிசையில் எத்தனை நிமிடம் போனது என்று குறிப்பிட்டு, கடிகாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். சென்னை இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில் இருப்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: பார்க்கிங் ஒப்பந்தத்தில் விமான நிலையத்துக்கு வரும் பங்கு எவ்வளவு, எத்தனை வாயில்கள் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, மீறினால் என்ன அபராதம்.

அப்புறம், ஒழுங்குமுறை ஆணையம் ஒவ்வொரு பெரிய விமான நிலையத்துக்கும் கட்டணம் நிர்ணயிக்கும் முன் ஆலோசனை அறிக்கை வெளியிட்டுக் கருத்து கேட்கிறது. அதில் விமானம் சாராத வருமானம் எவ்வளவு வரும் என்ற மதிப்பீடு இருக்கும். அந்த மதிப்பீட்டைக் குறைத்துக் காட்டினால் டிக்கெட்டில் கழியும் தொகையும் குறையும். விமான நிறுவனங்கள் அந்த அறிக்கைகளுக்குத் தவறாமல் கருத்து அனுப்புகின்றன. பயணிகளும் அனுப்பலாம், தடையேதும் இல்லை.